இத்தனை ஆராய்ச்சி நிலையங்கள் சுற்றி இருந்தும் கருப்பட்டிக் கொட்டகைக்கு ஏன் எதுவும் வரவில்லை?

திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் காய்ச்சி விற்கிறோம். அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம், நெல்லையில் அரசு பொறியியல் கல்லூரி, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி என்று எல்லாமே பஸ் ஏறிப் போய் அன்றைக்கே திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு ஆராய்ச்சியும் எங்கள் கொட்டகை வரைக்கும் வந்ததில்லை. ஏதாவது கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால் சரியாகுமா, இல்லை அரசுதான் ஏதாவது செய்ய வேண்டுமா?"

ஒப்பந்தம் என்பது இந்தக் கேள்வியின் மேல்தோல்தான். அறிவு ஒரு பக்கம் இருக்கிறது, தேவை பக்கத்திலேயே இருக்கிறது, நடுவில் யார் நிற்க வேண்டும், அதற்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். ஒரு பொறியியல் கல்லூரியில் தொழில் தொடர்புப் பிரிவைப் பல வருடம் கவனித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சிறு உணவுத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். உணவு வேதியியலில் எனக்குத் தெரிந்தது வேலையோடு கற்றுக்கொண்டது, சட்டத்தில் அதைவிடக் குறைவு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒப்பந்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் (NAAC) மதிப்பீட்டில், தொழில் நிறுவனங்களோடு செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்கள் எத்தனை என்று கணக்குக் கேட்கிறார்கள். ஆகவே கல்லூரிக்கு உங்கள் கையெழுத்து தேவைப்படுகிறது. பொன்னாடை, போட்டோ, மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி, அதோடு சரி. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்து தருவார், அதற்கு எவ்வளவு என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது, அவ்வளவுதான். அந்த நான்கும் எழுதிய ஒரு சாதாரண வேலை உத்தரவு உங்கள் கையில் இருந்தால் ஒப்பந்தம் தேவையே இல்லை.

இனி பெரிய கேள்விக்கு வருவோம். அறிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இந்த மண்ணில் பரவியதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கிருந்து 1986-ல் வெளிவந்த ஏஎஸ்டி 16, நம் ஆட்கள் வாயில் அம்பை 16, தாமிரபரணிப் பாசனம் முழுக்கப் பரவியது. குட்டையான தடித்த அரிசி, இட்லிக்கு நன்றாக வரும். அதைப் பரப்ப ஒப்பந்தமும் தேவைப்படவில்லை, உரிமக் கட்டணமும் தேவைப்படவில்லை. ஒருவர் வயலில் விளைந்ததைப் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார், அடுத்த பூவுக்கு விதை கேட்டார், வேலை முடிந்தது. அறிவு முழுவதும் விதைக்குள்ளேயே இருந்தது. விதையை வாங்கியவருக்கு மரபியல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆராய்ச்சி நடந்த வயலும் விவசாயியின் வயலும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் ஒரே மாதிரி மண்ணில் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சரியாக வந்தது வெளியே வராமல் போகும் சிக்கல் அங்கே பெரும்பாலும் எழவே இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை கிழக்கே கடற்கரையில் இருக்கிறது. 1973-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்து எடுத்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. முத்துக் குளித்தலுக்கே பேர்போன கடற்கரையில், ஜப்பான்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வித்தையை நம் ஊர் ஆய்வகம் சொந்தமாகச் செய்து காட்டியது. 80-களின் தொடக்கத்தில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கும் முறையும் தூத்துக்குடியில் கைக்கு வந்தது. அரசு நிறுவனமும் பெரிய தனியார் நிறுவனமும் சேர்ந்து தொழிலாக நடத்தவும் முயன்றன. இருந்தும் இன்று தூத்துக்குடியில் வளர்ப்பு முத்துத் தொழில் என்று ஒன்று இருக்கிறதா? சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஏன் இல்லை என்பதில் ஒரு பகுதி உறுதியாகச் சொல்லக்கூடியது. இங்குள்ள சிப்பி சிறிய இனம், ஆகவே முத்தும் சிறியது. ஜப்பானில் இருப்பதுபோல் நிலம் சூழ்ந்த அமைதியான விரிகுடா இங்கே இல்லை, மன்னார் வளைகுடா திறந்த கடல். சிப்பியின் உடலைக் கீறி உள்ளே கருவை, அதாவது முத்து சுற்றி வளர வேண்டிய சிறு மணியை, வைப்பது கை நுணுக்கம், பல நாள் பழகிய கை வேண்டும், கட்டுரையைப் படித்து வராது. அதற்குள் சீனாவின் நன்னீர் முத்து மலிவாக உலகச் சந்தையை நிரப்பிவிட்டது. இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். என் கருத்து இது: விஞ்ஞானம் வென்றது, நடுக்கட்டம் தோற்றது. பத்து முத்து எடுப்பதற்கும் பத்தாயிரம் முத்தை வருடாவருடம் லாபத்தோடு எடுப்பதற்கும் நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் புயலடிக்கும், சிப்பி சாகும், பணம் கரையும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தோல்வியையும் எழுதி வைத்து, அடுத்த பருவம் மறுபடி இறங்கும் ஆளும் காசும் வேண்டும். ஆய்வகத்துக்கு அது வேலை இல்லை, கட்டுரை வெளியானதும் அதன் பங்கு முடிந்துவிடுகிறது. வியாபாரிக்கு அது கட்டுப்படியாகாது.

இந்த நடுக்கட்டத்தை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் நாசா உருவாக்கியது, தொழில்நுட்பத் தயார்நிலை என்று 1 முதல் 9 வரை எண் கொடுப்பார்கள். 1 என்றால் அடிப்படைக் கருத்து, 9 என்றால் உண்மையான சூழலில் ஓடி நிரூபித்தது. நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் நடப்பது பெரும்பாலும் 3 அல்லது 4-க்குள் அடங்கும். உங்களைப் போன்றவர்கள் வாங்கத் தயாராக இருப்பது 8-க்கு மேல். 5, 6, 7 யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. பேராசிரியர் "நான் கண்டுபிடித்துவிட்டேன், யாரும் எடுத்துச் செய்யவில்லை" என்பார். தொழில்காரர் "அவ்வோ பேப்பர்தான் எழுதுதாவ, நமக்கு ஆவப்போறது ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பார். இரண்டு பேரும் அந்தப் புறம்போக்கின் இரண்டு கரையில் நின்று உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் அந்த இடைவெளியை யாராவது தாண்டியிருக்கிறார்களா? தெற்கே நல்ல உதாரணம் இருக்கிறது, ஆனால் அதில் ஆராய்ச்சி நிலையமே இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். அங்கேயே மாதக்கணக்கில் தங்கி, தொழிலைக் கையால் கற்று, திரும்பி வந்து தொடங்கினார்கள். சாத்தூர், கோவில்பட்டி வரைக்கும் அந்தத் தொழில் பரவியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் துறையில் நான் முழு உறுதியோடு சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: செய்முறை அறிவு காகிதத்தில் பாதிதான் போகும், மீதி ஆளோடுதான் போகும். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், ஈரக்காற்று அடிக்கும் நாளில் என்ன மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வராது. எனவே பல்கலைக்கழகத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஆள் போய்வரவில்லை என்றால் எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் ஒன்றும் நகராது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. வெளி அறிவை உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனத்துக்குள்ளேயே கொஞ்சம் அறிவு ஏற்கெனவே இருக்க வேண்டும். இதை கோஹன், லெவிந்தால் என்ற இருவர் 1990-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள், பிறகு வந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அதை உறுதி செய்தன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுத்தால் அதைப் படித்து, "இந்த எண் ஏன் கூடியிருக்கிறது?" என்று கேட்கக்கூடிய ஒரு ஆள் உங்கள் கொட்டகையில் இருக்க வேண்டும். வேதியியலோ உணவு அறிவியலோ படித்த ஒரு உள்ளூர்ப் பிள்ளையை வேலைக்கு வையுங்கள். நாங்குநேரி, வள்ளியூர், சாத்தான்குளம் பக்கம் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னைக்குப் போகத் தயங்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முதல் வருடம் சம்பளம் பாரமாகத் தெரிந்தால், தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் எடுத்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. மெஷின் வாங்க மானியம் தேடி அலையும் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மெஷினைவிட இந்த ஆள்தான் முதல் முதலீடு என்பேன்.

இப்போது உங்கள் கருப்பட்டிக்கே வருகிறேன், ஏனென்றால் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எல்லாம் சரிபோலத்தான் தோன்றும். நீங்கள் கல்லூரிக்குப் போய் "எங்களுக்கு ஏதாவது டெக்னாலஜி இருக்கிறதா?" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. "ஐப்பசி கார்த்திகை மழையில் கருப்பட்டி கசிந்து ஒட்டுகிறது, கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார்" என்று சொன்னால் பதில் உண்டு. பதநீரில் இருப்பது முக்கியமாக சுக்ரோஸ். அது புளிக்கத் தொடங்கினாலோ, புளிப்பேறிய நிலையில் நேரம் கூடக் கொதித்தாலோ குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. உடைந்த சர்க்கரை, அதிலும் ஃபிரக்டோஸ், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது புளிப்பைத் தடுத்து இந்த உடைதலையும் குறைக்கத்தான். சுண்ணாம்பு கூடினால் ருசி கெடும், நிறம் கருக்கும். ஆக உங்கள் கேள்வி உண்மையில் மூன்று அளவுகளைப் பற்றியது: கொட்டகைக்கு வந்து சேரும்போது பதநீரின் பி.ஹெச்., அதாவது புளிப்பின் அளவு, எவ்வளவு, பாகு இறக்கும்போது வெப்பநிலை எவ்வளவு, முடிந்த கருப்பட்டியில் உடைந்த சர்க்கரையும் ஈரமும் எவ்வளவு. முதல் இரண்டையும் நீங்களே சில ஆயிரம் ரூபாய்க் கருவிகளில் தினமும் குறித்துக்கொள்ளலாம். மூன்றாவதைத்தான் ஆய்வகம் செய்ய வேண்டும். ஒரு பருவம் முழுக்க இப்படி எழுதிய நோட்டோடு போனீர்களானால் எந்தப் பேராசிரியரும் உங்களை உட்காரவைத்துப் பேசுவார். அவருக்கு அது தரவு. தரவுக்காக அவருடைய மாணவர்கள் தவம் கிடக்கிறார்கள்.

கலப்படம் இன்னொரு நல்ல கேள்வி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சீனியைக் கலந்து காய்ச்சியதை நாக்கால் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது அதே சுக்ரோஸ்தான். கரும்பும் பனையும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் வழி வேறு வேறு. கரும்பு சி4 வகைச் செடி, பனை சி3 வகை. அதனால் சர்க்கரையிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறான கார்பன் அணுக்களின், விகிதம் மாறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்தச் சோதனை உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. கருப்பட்டிக்கும் அதே தர்க்கம் பொருந்த வேண்டும். ஆனால் சுத்தமான கருப்பட்டியின் அளவு எந்த எல்லைக்குள் இருக்கும் என்று ஊர் ஊராக, பருவம் பருவமாக மாதிரி எடுத்து ஒரு அட்டவணை வேண்டும். அதைச் செய்வது எந்தத் தனி வியாபாரியின் வேலையும் இல்லை, பல்கலைக்கழகத்தின் வேலை. பனை நிற்கும் ஊர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? பிராந்திய ஆராய்ச்சி என்று எதையாவது சொல்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதிலிருந்து என் வழிமுறை விளங்கியிருக்கும். உரிமம், காப்புரிமை, தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று மேல் மாடியில் தொடங்காதீர்கள். காசு கொடுத்துச் செய்யும் பரிசோதனையில் தொடங்குங்கள். அடுத்தது ஒரு மாணவர் புராஜெக்ட். அப்புறம் ஒரு பேராசிரியரின் ஆலோசனை, அதற்கும் கட்டணம் கொடுத்து. இந்த மூன்றும் ஓரளவு ஒழுங்காக நடந்த பிறகு, தேவைப்பட்டால், கூட்டு ஆராய்ச்சி. ஓசியில் கேட்கும் வேலை கடைசி வரிசைக்குப் போய்விடும், இது கல்லூரிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. தயாரிப்பு முறையே ஆயத்தமாக வேண்டுமென்றால் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் கட்டணத்துக்குத் தொழில்நுட்பம் கொடுக்கின்றன. அவை நம் பகுதியில் இல்லை என்பதால் விட்டுவிட வேண்டாம். உள்ளூர்க் கல்லூரியின் பலம் வேறு: கூப்பிட்டால் மறுநாள் வரலாம், மூன்று முறை தவறினாலும் நான்காவது முறை செய்து பார்க்கலாம்.

காப்புரிமை பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் எல்லோரும் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் மரபறிவை அப்படியே காப்புரிமைக்கு எடுக்காது, பொருள்களை வெறுமனே கலந்ததையும் எடுக்காது. சுக்குக் கருப்பட்டிக்கு நீங்கள் காப்புரிமை வாங்க முடியாது, வாங்கித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். புதிய அடுப்பு அமைப்பு, பாகின் பதம் காட்டும் கருவி போன்றவற்றுக்கு வழி இருக்கலாம். அப்படி ஒன்று உருவானால், விண்ணப்பம் போடுவதற்கு முன் கண்காட்சியில் வைக்காதீர்கள், மாணவர் கட்டுரையாக வெளியிட விடாதீர்கள். சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருந்தாலும் அவை குறுகலானவை. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான், 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணத்தில் 80 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள். வக்கீல் செலவு தனி. ஆனால் இவ்வளவும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: உங்கள் அளவுத் தொழிலுக்குக் காப்புரிமையைவிட, புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்வது அதிகப் பயன் தரும், அதற்கான எல்லைக்குள் நீங்கள் வந்தால். காப்புரிமை எண்ணிக்கையை வைத்துக் கல்லூரியை எடைபோடும் பழக்கம் இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. தாக்கல் செய்த விண்ணப்பம் எத்தனை என்று கேட்பார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அரசு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். அரசு செய்து பலித்த ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது, யாரும் அதைத் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று சொல்வதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல்லும் சிமென்ட்டும் செய்யலாம் என்பது வெகு காலமாகத் தெரிந்ததுதான். 1999-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிக்கை போட்டது: அனல்மின் நிலையத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் செங்கல் செய்பவர்கள் சாம்பலைக் கலக்க வேண்டும், நிலையங்கள் சாம்பலைக் கொடுக்க வேண்டும் என்று. முதலில் 50 கிலோமீட்டர், 2003-ல் 100 என்று எல்லையை விரித்தார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையம் இருக்கும் நம் பகுதியில் இன்று சாம்பல் செங்கல் சூளைச் செங்கல்லோடு போட்டி போடும் சாதாரணச் சரக்கு. ஆய்வறிக்கையில் கிடந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு கட்டாயமும் இலவச மூலப்பொருளும்தான். தேவையை உண்டாக்கினால் அறிவு தானாகத் தேடிக்கொண்டு வரும். இதை எல்லா இடத்திலும் செய்ய முடியாது, கருப்பட்டிக்கு அப்படி ஒரு கட்டாயத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ரேஷன் கடை, கோவில் பிரசாதம் போன்ற இடங்களில் தரம் குறிப்பிட்டுக் கொள்முதல் செய்தால் ஓரளவு அதே வேலை நடக்கலாம்.

இரண்டாவது, கோயம்புத்தூர்க்காரர்கள் செய்தது. அங்கே 1956-லேயே பஞ்சாலைகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு ஆராய்ச்சிச் சங்கத்தை உருவாக்கிக்கொண்டன, சிட்ரா என்பார்கள். அரசுப் பணமும் உண்டு, ஆலைகளின் சந்தாவும் உண்டு. காசு கொடுப்பவர் ஆலைக்காரர் என்பதால், எதை ஆராய்வது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருக்கிறது. நெல்லைச் சீமையில் பாபநாசத்தில் பெரிய பஞ்சாலை இருந்தது, தாழையூத்தில் சிமென்ட் ஆலை 1949 முதல் ஓடுகிறது, ஆனால் தொழில்கள் சேர்ந்து நடத்தும் இப்படி ஒரு அமைப்பு இங்கே வேர்விடவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பெரிய ஆலையாக, தன் தேவையைத் தலைமை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம், இது என் ஊகம். பனைப்பொருள், எலுமிச்சை, அவுரி (நிலாவாரை) இலை, பாய், உப்பு என்று நம் தொழில்கள் சிறியவை, சிதறியவை. தனித்தனியாக இவற்றால் ஆய்வகம் வைக்க முடியாது. சேர்ந்தால் முடியும். குறு சிறு தொழில் குழுமத் திட்டத்தில் பொது வசதி மையத்துக்கு அரசு பெரும்பங்கு கொடுக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். நான் மேலே சொன்ன 5, 6, 7 என்ற புறம்போக்கில் கட்ட வேண்டிய கட்டடம் இதுதான்: தினம் சில நூறு லிட்டர் பதநீரை வைத்துத் தைரியமாகக் கெடுத்துப் பார்க்க ஒரு பொதுக் கொட்டகை. ஆனால் எச்சரிக்கை, இப்படிப்பட்ட மையங்கள் திறப்பு விழாவுக்குப் பின் பூட்டிக் கிடப்பதும் உண்டு. சம்பளம் வாங்கும் முழுநேரப் பொறுப்பாளர் ஒருவரும், பயன்படுத்துபவர் கட்டும் கட்டணமும் இல்லாத மையத்தில் பணம் போடாதீர்கள்.

அவுரியைச் சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்காமல் போக மனமில்லை. மலமிளக்கி மருந்துக்கு உலகம் வாங்கும் இந்த இலைக்கு வெளிநாட்டு மருந்து நூல்களிலேயே 'டின்னவெலி சென்னா' என்றுதான் பெயர். பெயர் நம்முடையது, இலையை உலர்த்தி மூட்டை கட்டுவது நாம், அதில் உள்ள சென்னோசைடு என்ற மருந்துச் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கும் லாபத்தில் பெரும்பங்கு வேறு இடங்களில். வாங்குபவர் பூச்சிமருந்து எச்சமும் பூஞ்சை நச்சும் எவ்வளவு என்று கேட்கும்போது அறிக்கைக்காக வெளியூர் ஆய்வகத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. நம்பத்தகுந்த, அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனை வசதி பக்கத்தில் இருந்தாலே பேரம் பேசும் இடம் மாறும் என்று நினைக்கிறேன்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குக் கல்லூரி தொழில் ஊக்குவிப்பு மையம் திறந்தால் பகுதி முன்னேறும் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. சில நல்லது செய்கின்றன, பல மாணவர் போட்டி நடத்துவதோடு நிற்கின்றன. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சூரியத்தகடு ஆலை போன்ற பெரிய நிறுவனங்களிலிருந்து உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அறிவு கசிந்து வரும் என்று மேடையில் சொல்கிறார்கள். தரக்கட்டுப்பாடு பழகிய ஆட்கள் வெளியே வந்து பட்டறை தொடங்கினால் நடக்கும். காற்றாலைப் பராமரிப்பில் பழகிய வள்ளியூர், பணகுடிப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன், அது உண்மையான அறிவு. மற்றபடி வேலியின் இந்தப் பக்கம் கேன்டீனும் வாடகை வண்டியும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. இதில் என்னைவிட நம்பிக்கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

நிதி உதவி என்று பார்த்தால், தமிழ்நாட்டுத் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் உங்களுக்குப் பொருந்தலாம். யோசனையைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கும், மாதிரியை மேம்படுத்தும் கட்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். நான் முன்பு சொன்ன நடுக்கட்டத்துக்கே உரிய பணம் இது என்பதால்தான் குறிப்பிடுகிறேன். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு, ஆனால் அது கடனோடு இணைந்தது, பெரும்பாலும் இயந்திரத்துக்கு. விண்ணப்பிக்கும் முன் அப்போதைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இவை அடிக்கடி மாறும்.

கல்லூரியோடு வேலை தொடங்கும்போது ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: நீங்கள் கொடுக்கும் மாதிரியும் உங்கள் செய்முறை விவரமும் வெளியே போகக் கூடாது, முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடலாம், ஆனால் உங்களிடம் முதலில் காட்டிவிட்டு, வேலையின் பலனை உங்கள் கொட்டகையில் பயன்படுத்த உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. முழு உரிமையும் எனக்கே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், நீங்கள் கொடுக்கும் தொகைக்கு அது நியாயமும் இல்லை. பெரிய தொகை புழங்கும் நிலை வந்தால் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது, நான் சொல்வது அனுபவம் மட்டும்தான்.

கடைசியாக, காலண்டர். யாரும் கவனிக்காத சிக்கல் இது. கடைசி வருட மாணவர் புராஜெக்ட் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். உங்கள் பதநீர் மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரை போகும். மாணவர் அறிக்கை எழுதி முடிக்கும் நேரத்தில்தான் உங்கள் கொட்டகை சூடுபிடிக்கும், கருப்பட்டி கசியும் மழைக்காலத்தில் அந்த மாணவர் கல்லூரியிலேயே இருக்க மாட்டார். ஆகவே ஒரு வருடப் புராஜெக்டாகப் பேசாமல், இரண்டு மாணவர் அணிகளாகப் பேசுங்கள். முதல் அணி பருவத்தில் மாதிரி எடுத்து அளவுகளைக் குறிக்கட்டும். சேமித்து வைத்த அதே கருப்பட்டியை அடுத்த அணி ஐப்பசியிலிருந்து சோதிக்கட்டும். இரண்டு அணிக்கும் ஒரே பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். துறைத் தலைவரைக் கார்த்திகையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். மார்கழியில் தேர்வு, தையில் பொங்கல் விடுமுறை, அதன் பிறகு போனால் தலைப்புகளையெல்லாம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.